‘இதர’ என்ற கட்டம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என்னை அனுப்பிய ஊர்ச் சபைக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு பக்கப் படிவம். ஆராதனைகள், வீட்டுச் சந்திப்புகள், ஜெபக்கூட்டங்கள், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், காணிக்கை என்று எல்லாவற்றுக்கும் எதிரே எண் போட வேண்டும். அடியில் ‘இதர’ என்று ஒரு கட்டம். அரை அங்குல உயரம் இருக்கும். 2011 மார்ச்சிலிருந்து மூன்று ஆண்டு கோலாலம்பூரின் செந்தூலில் போதகராக இருந்தேன். பன்னிரண்டு படிவம் அனுப்பினேன். பன்னிரண்டிலும் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுதினேன்.

கீழே இருப்பவை அந்தக் கட்டத்துக்கு உரியவை. பழைய நோட்டிலிருந்து எடுத்தவை. தேதி வரிசை பார்க்க வேண்டாம்.

*

வந்து இறங்கிய மறுநாள் காலை ஏழு மணி. அடுக்குமாடிப் படிக்கட்டில் எதிர்ப்பட்ட ஒரு பெண்மணி, முன்பின் தெரியாதவர், “பசியாறிட்டீங்களா?” என்றார். என் ஊரில் ‘சாப்டாச்சா’தான். பசியாறுவது என்பதை நான் பிரசங்கபீடத்திலிருந்து மட்டுமே சொல்லியிருக்கிறேன், அதுவும் ஐந்து அப்பம் இரண்டு மீன் வரும்போது. காலையில் யாரோ வேதாகம நடையில் விசாரிக்கிறார்களே என்று நின்றுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறல் என்று பேர்.

அன்று மாலை முதல் வீட்டுச் சந்திப்பு. “பாஸ்டர் என்ன தண்ணி குடிக்கிறீங்க?” என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் பதறி, “தண்ணியெல்லாம் தொடறதில்லைங்க” என்றேன். வீடு ஒரு நிமிடம் அமைதியானது. உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல்: “தே ஓ கூடவா வேணாங்கிறாரு?”

தே ஓ என்கிற பாலில்லாத டீ, காப்பி, மைலோ, சிரப், எல்லாம் தண்ணிதான் இங்கே.

*

எங்கள் பக்கம், தரங்கம்பாடி வட்டாரத்தில், கிறிஸ்தவர்கள் போதகரை ‘ஐயர்’ என்பார்கள். பழக்கதோஷத்தில் மூன்றாம் மாடித் தாத்தாவிடம், “நான் புதுசா வந்திருக்கிற ஐயருங்க” என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எந்தக் கோயிலுக்குங்க?” என்றார். அன்றோடு ஐயர் போனார், பாஸ்டர் வந்தார்.

*

பிரசங்கத்தில் சறுக்கியது. யூதாஸ் முப்பது வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்வரிசைச் சிறுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மலேசியாவில் ரிங்கிட்டுக்குத் தமிழில் வெள்ளி என்று பேர். ஆராதனை முடிந்து ஒருவன் வந்து கேட்டான்: “முப்பது வெள்ளிக்கா பாஸ்டர்? எங்கப்பா காடிக்கு எண்ணெய் போடவே அம்பது வெள்ளி ஆகுது.”

விலை எவ்வளவு அற்பமானது என்பதை நான் அரைமணி நேரம் விளக்கியிருந்தேன். அவனுக்கு அது முதல் நிமிடத்திலேயே விளங்கிவிட்டது.

*

நான்காம் மாடி அக்கா நாசி லெமாக் போட்டு விற்பவர். விடியற்காலை நாலரைக்கெல்லாம் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம், பண்டான் இலை வாசம், பிறகு நெத்திலி பொரிக்கிற வாசம். எனக்கு அலாரம் தேவைப்படவில்லை. ஆறு மணிக்குக் கீழே மேசை போட்டுவிடுவார். பழுப்புத் தாளில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் சோறு, சம்பல், கால் முட்டை, இரண்டு வெள்ளரித் துண்டு. நாலு மடிப்பில் கூம்பாக நிற்கும். அந்த மடிப்பை மூன்று ஆண்டு பார்த்தும் எனக்குக் கைவரவில்லை.

மாரியம்மன் பக்தை. வெள்ளிக்கிழமை சைவம். மகன் எஸ்.பி.எம். பரீட்சை எழுதப் போகிறபோது என் வீட்டு வாசலுக்கு வந்தார். “எல்லா சாமிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன் பாஸ்டர். உங்க சாமிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

சொன்னேன். அறிக்கையில் அதை எதில் சேர்ப்பது என்று யோசித்து, ‘வீட்டுச் சந்திப்பு’ எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டினேன். சந்திக்க வந்தது அவர்தான்.

*

மலாய் வகுப்புக்குப் போக, கேடிஎம் கொமுட்டர் ரயிலில் அவசரமாக ஏறி உட்கார்ந்துவிட்டேன். பெட்டி முழுக்கப் பெண்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிரே இருந்த சீனக் கிழவி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். புத்ரா நிலையத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தால் பெட்டியில் இளஞ்சிவப்பில் ‘கோச் வனித்தா’. மலாய் வகுப்பில் அன்று நான் கற்றது அந்த ஒரு சொல்தான். வனிதா என்றால் பெண் என்பது தெரிந்த தமிழனுக்கு அதைப் படிக்கக் கண்தான் வேண்டியிருந்தது.

*

மூன்றாம் மாடித் தாத்தாவைப் பற்றி நிறைய எழுதி வைத்திருக்கிறேன்.

அப்போது அவருக்கு 77 வயது. ரயில் பட்டறையில் 38 ஆண்டு ஃபிட்டர். செந்தூல் என்ற ஊர் வளர்ந்ததே அந்தப் பட்டறையைச் சுற்றித்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களின் ரயில்வே தன் மத்தியப் பட்டறையை இங்கே கட்டியது. பாய்லர் வேலைக்காரர், வார்ப்படக்காரர், தச்சர், கிராணி என்று தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அரைமணி நேரம் நடந்தால் சென்ட் ஜோசப் தேவாலயம், செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயில், சீக்கியர் குருத்துவாரா, சிங்களவர்களின் சிறீ ஜயந்தி விகாரை, பள்ளிவாசல் எல்லாம் வந்துவிடும். “சாமிங்களும் ரயில்வே வேலைக்கு வந்தவங்கதான் பாஸ்டர். மொதல்ல ஃபிட்டர் வந்தான், பின்னாலயே அவன் சாமி வந்துச்சு” என்பார் தாத்தா.

நான் போனபோது பட்டறை வேலைகள் பேராக்கில் உள்ள பத்து காஜாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. துரைமார் கோல்ஃப் ஆடிய திடல் தனியார் பூங்காவாகிவிட்டது. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005இலிருந்து நாடக அரங்கு. தாத்தா உள்ளே போய்ப் பார்த்ததில்லை. “நாங்களும் அங்க நாடகம் போட்டோம். டிக்கெட் விக்கல, சம்பளம் குடுத்தாங்க.”

அவருடைய அப்பா 1928இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் ரஜூலா என்றால் எழுபது வயதைக் கடந்தவர்கள் இன்னும் ஏதாவது ஒரு கதை சொல்வார்கள். அம்மா பொறையார். ஞானஸ்நானம் தரங்கம்பாடி புது எருசலேம் கோயிலில். இது தெரிந்த அன்று நான் ஏறக்குறைய குதித்தேன். என் வீட்டிலிருந்து பொறையாருக்கு சைக்கிளில் போகலாம். தாத்தா அசையவில்லை. “அப்ப நீங்க எங்கம்மா ஊரு. சரி, அதுக்காக நான் சர்ச்சுக்கு வரமாட்டேன். நீங்க இங்க வாங்க.”

போனேன். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம். அவர் முதலில் தமிழ் நேசன் நாளிதழில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் படித்து முடிப்பார். தெரிந்த முகம் இருந்தால் வயதைக் கணக்குப் போடுவார். பிறகுதான் பேச்சு.

1945 தொடக்கத்தில் அமெரிக்க பி-29 விமானங்கள் பட்டறைமேல் குண்டு போட்டபோது அவருக்குப் பதினோரு வயது. அன்றைக்குப் பட்டறை ஜப்பானியர் கையில் இருந்தது; வேலை பார்த்தவர்கள் நம்மவர்கள். “விமானம் கண்ணுக்கே தெரியல. சத்தந்தான். அப்பறம் வானத்துல தகரம் பறந்துச்சு. தகரம் அவ்வளவு மெதுவா கீழ எறங்கும்னு எனக்குத் தெரியாது.” அந்த விமானங்கள் புறப்பட்ட தளம் வங்காளத்தில், கரக்பூர் பக்கம். கரக்பூரும் ரயில் பட்டறை ஊர்தான். இதை எங்கோ படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “குண்டும் இந்தியாவுலேருந்துதான் வந்துச்சா” என்றார். அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை.

2012இல் விடுமுறைக்கு ஊர் போனபோது, என்ன வேண்டும் என்று கேட்டேன். “எங்கம்மா ஞானஸ்நானம் வாங்குன கோயில் வாசப்படிய ஒரு படம் புடிச்சிட்டு வாங்க.” 1718இல் பிரதிஷ்டை ஆன கோயில், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். காலை வெளிச்சத்துக்குக் காத்திருந்து, இருபது படம் எடுத்து, நல்லதாக ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“சின்னதா இருக்கே,” என்றார்.

*

சீகன்பால்க் பேச்சு வந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். அவர் தரங்கம்பாடியில் தமிழர்களோடு பேசிப் பழகி, சுவடி படித்து, நம் தெய்வங்களின் வரலாற்றை ஜெர்மன் மொழியில் ஒரு புத்தகமாக எழுதி 1713இல் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கே மிஷன் பொறுப்பில் இருந்த பிராங்கே அதை அச்சேற்றவில்லை. உங்களை அனுப்பியது புறச்சமயத்தை ஒழிக்க, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். கையெழுத்துப்படி அலமாரியில் கிடந்தது. 1867இல் சென்னையில்தான் முதன்முதலாக அச்சானது. 154 ஆண்டு.

அவர் அனுப்பியதும் ஒருவகையில் ‘இதர’ கட்டந்தான். அளவுதான் பெரியதாகிவிட்டது.

*

1706 ஜூலை 9, சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாள். எங்கள் பக்கத்தில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த தேதி. 2011 ஜூலை 9 சனிக்கிழமை வந்தது. வீட்டில் சின்னதாக ஒரு நன்றி ஜெபம் வைத்து, முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தேன்.

அதே நாளில்தான் கோலாலம்பூரில் பெர்சே 2.0 பேரணி. தூய்மையான தேர்தல் வேண்டும் என்று மஞ்சள் சட்டையோடு ஊர்வலம். அரசாங்கம் அந்தச் சட்டையையே தடை செய்திருந்தது. முதல்நாளிலிருந்தே நகரத்துக்குள் வரும் சடக்குகளில் எல்லாம் போலீஸ் தடுப்பு. கிள்ளானிலிருந்து வரவேண்டியவர்கள் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் வீட்டை விட்டு இறங்கவில்லை. நகரத்தின் நடுவில் கண்ணீர்ப்புகை என்று ரேடியோவுக்கு முந்தி கைப்பேசி சொன்னது.

நான்காம் மாடி அக்கா கத்திக்கொண்டே இறங்கி வந்தார். “பாஸ்டர், கொடியில மஞ்சச் சட்டை காயப்போட்டிருக்கீங்க! மொதல்ல எடுங்க!” அது என் தங்கை கொடுத்தனுப்பிய கதர்ச்சட்டை.

நன்றி ஜெபத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். எல்லாரும் அதே பிளாக். அதில் மூன்று பேர் இந்துக்கள். சமைத்ததோ முப்பது பேருக்கு. தாத்தாவும் அன்றைக்கு வந்தார், ஜெபம் முடிந்த பிறகு. அறிக்கையில் ‘சிறப்பு ஆராதனை: 1. கலந்துகொண்டோர்: 5’. படிவத்தைப் பார்த்த ஊர்க்காரர் ஒருவர், “ஆள் சேர்க்கத் தெரியவில்லையா?” என்று கேட்டு எழுதினார்.

*

எங்கள் மாடியிலேயே ஒரு மலாய்க்காரர். ஓய்வுபெற்ற ஓட்டுநர். எல்லாருக்கும் அவர் பாக்சிக், அதாவது மாமா. நோன்பு மாதத்தில் கதவைத் தட்டி ஒரு பாத்திரம் கஞ்சி கொடுப்பார். நான் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு கொடுப்பேன். முறுக்குக்கு அவர் வீட்டிலும் முறுக்கு என்றே பேர். பெருநாளன்று கதவைத் திறந்து வைத்துவிடுவார்கள். தெரிந்தவன் தெரியாதவன் யார் வேண்டுமானாலும் போய்ச் சாப்பிடலாம்.

முஸ்லிம்களிடம் பிற மதத்தைப் பரப்புவதைச் சட்டம்போட்டுக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 11ஆம் விதி 4ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிச் சட்டங்களும் இருக்கின்றன. சர்ச் துண்டறிக்கையின் மூலையில்கூட ‘முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும்’ என்று மலாயில் அச்சடித்திருப்பார்கள். வந்த புதிதில் இது எனக்கு நெருடலாக இருந்தது. பழகப் பழகப் பாக்சிக்கோடு பேசுவதுதான் எனக்குச் சுலபமாகிவிட்டது. என்னிடமிருந்து அவருக்கு எதுவும் வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். மங்குஸ்தீன் விலை, அவருடைய மூட்டுவலி, ஆர்சனல் தோற்பது. மூன்று ஆண்டில் நான் அளவெடுக்காமல் பேசிய ஒரே மனிதர் அவர் என்று நினைக்கிறேன். இதை என் சபையில் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்களோ.

*

2013 ஜூன். புகைமூட்டம். சுமத்ராவில் காடு எரிகிறது, இங்கே துணி உலர்த்த முடியவில்லை. ஜொகூரில் மூவார் பக்கம் அவசரநிலை. முகமூடி போட்டுக்கொண்டு அடக்க ஆராதனை நடத்தினேன். இறந்தவரின் பெயரே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

*

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பகல். 1924இல் தமிழ் லூத்தரன்கள் கட்டிய சீயோன் ஆலயத்தைப் பார்த்துவிட்டு, சில நிமிட நடையில் இருக்கும் பௌத்த மகா விகாரைக்குப் போனேன். ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிறது. சிங்களவர்கள் 1894இல் தொடங்கிய சங்கத்தின் விகாரை. பிக்கு கே. ஸ்ரீ தம்மானந்தர் 1952இல் இலங்கையிலிருந்து இங்கே வந்தார். 2006இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். 54 ஆண்டு. சிங்களத்தில் சொன்னால் கேட்க ஒரு சிறு கூட்டந்தான். ஆங்கிலத்தில் சொல்லியும் எழுதியும் இங்குள்ள சீனர்களிடம் போய்ச் சேர்ந்தார். மூன்று ஆண்டு அனுமதியோடு வந்தவனுக்கு அந்த 54 கொஞ்சம் உறுத்தும்.

வந்தவர்கள் எல்லாம் சாமியாராகத்தான் வந்தார்கள் என்றும் சொல்லமுடியாது. பத்தமடைக் குப்புசாமி 1913இல் மலாயாவுக்கு வந்தது டாக்டராக. தோட்டத்து மருத்துவமனைகளில் பத்தாண்டு ஊசியும் மருந்துமாக இருந்துவிட்டு 1923இல் திரும்பினார். அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர். தோட்டத்து லயத்தில் என்ன பார்த்தாரோ. மிஷனரிகளைப் பற்றிய புத்தகங்களில் போகும்போது இருந்த ஆவலைத்தான் நிறைய எழுதுகிறார்கள். திரும்பும்போது இருந்த முகத்தை எழுதினால் நன்றாக இருக்கும்.

*

தைப்பூசத்துக்கு முன் ஓர் இரவு. ஜாலான் துன் எச்.எஸ். லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பி ஜாலான் ஈப்போ வழியாக விடிய விடியப் பத்துமலைக்குப் போகும். 1892இலிருந்து பத்துமலையில் பூசம் நடக்கிறது. எங்கள் பிளாக்கே தண்ணீர்ப் பந்தல் போட்டது. அக்கா மோர் கலக்கினார், சென்ட் ஜோசப் கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் கப் வாங்கிக் கொடுத்தது. எனக்கு ஒரு வாளியும் கரண்டியும்.

என் மனத்துக்குள் ஒரு வழக்கு நடந்தது உண்மை. மறைக்கவில்லை. வெறுங்காலோடு பால்குடம் சுமந்து வருகிறவனுக்குத் தாகம் எடுக்கிறது. மோரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அன்றைக்கு யாரோ ஒருவர் தேவை. ராத்திரி ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை ஊற்றினேன்.

யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு போன். விளக்கம் கேட்டார்கள். மோர் என்றேன். என்ன மோர் என்றார்கள். நீர்மோர் என்றேன். வைத்துவிட்டார்கள்.

*

இனி மாஸ்டர்.

கோலாலம்பூர் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி போடுகிறவரை மாஸ்டர் என்பார்கள். எங்கள் தெருமுனைக் கடை மாஸ்டர் முதுகுளத்தூர் பக்கம். ரொட்டி சானாய் வீசுவதைப் பார்க்கவே போவேன். முழங்கை அசையாது, மணிக்கட்டுதான். நாலாவது வீச்சில் மாவு வேட்டி மாதிரி பறக்கும். பருப்புக் குழம்பு ஊற்றிக் கொடுப்பார். பரோட்டாவுக்குப் பருப்புக் குழம்பா என்று முதல் வாரம் முகம் சுளித்தேன். இப்போது சால்னா ஊற்றினால்தான் என்னவோபோல் இருக்கிறது.

ராத்திரி பதினொன்றரைக்குக் கடை மூடிப் பின்வாசல் படியில் உட்காருவார். அங்கேதான் பேச்சு. அவருக்குச் சாமி நம்பிக்கை பெரிதாக இல்லை. என்னிடம் ஜெபிக்கச் சொன்னதில்லை. பெரும்பாலும் மகளின் படிப்பைப் பற்றிப் பேசுவார். மகள் பிறந்து எட்டாம் மாதத்தில் விமானம் ஏறியவர். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. “போன்ல கணக்கு சொல்லித் தர்றேன் பாஸ்டர். அது என்னை வாத்தியார்னு நெனச்சிட்டிருக்கு.”

அவருடைய பாஸ்போர்ட் முதலாளியிடம். பெர்மிட் புதுப்பித்தாயிற்று என்று இரண்டு ஆண்டாகச் சொன்னார்கள். புதுப்பிக்கவில்லை.

2011 ஆகஸ்டில் அரசாங்கம் 6பி என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ‘பி’யில் தொடங்கும் ஆறு மலாய்ச் சொற்கள்: பதிவு, வெள்ளையாக்கல், மன்னிப்பு, கண்காணிப்பு, அமலாக்கம், வெளியேற்றம். ஆவணம் இல்லாத தொழிலாளிகள் விரல்ரேகை பதிந்து ஒன்று சட்டபூர்வமாகலாம், இல்லையென்றால் மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஊர் போகலாம். மீட்பின் வரிசையை வாழ்நாளெல்லாம் பிரசங்கித்தவன் நான். மன்னிப்பு மூன்றாவதாகவும் வெளியேற்றம் கடைசியாகவும் வருகிற வரிசையை முதன்முறையாகப் பார்த்தேன்.

மாஸ்டர் ஒரு ஏஜென்டிடம் மூவாயிரம் வெள்ளி கட்டினார். ஏஜென்ட் போனை எடுப்பதை நிறுத்தினான். விரல்ரேகை வரிசையில் அவரோடு நானும் நின்றேன், மலாய்ப் படிவம் நிரப்பிக் கொடுக்க. விடியற்காலை மூன்று மணிக்கே வரிசை தெருவைச் சுற்றியிருந்தது. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார், நம்மவர்கள். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு நேப்பாளிப் பையன் நின்றபடியே தூங்கி மாஸ்டர் முதுகில் சாய்ந்துவிட்டான். அவர் அசையாமல் நின்றார்.

கடைசியில் அவருக்கு வாய்த்தது மன்னிப்புதான். அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: “நான் என்ன தப்பு பண்ணேன்னு மன்னிச்சிருக்காங்க பாஸ்டர்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. என் பாஸ்போர்ட் மூன்று ஆண்டும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. என் பெர்மிட்டுக்கு வேறு யாரோ ஓடினார்கள், வேறு யாரோ பணம் கட்டினார்கள். இத்தனைக்கும் இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள். சென்னையிலிருந்து ஒரே விமானத்தில்கூட வந்திருக்கலாம். எனக்கு நாற்காலி போட்டு, ‘பாஸ்டர் என்ன தண்ணி’ என்று கேட்ட வீடுகளில், அவரை ‘இந்தியாக்காரன்’ என்றார்கள். சொல்லும் தொனி ஒன்று இருக்கிறது, எழுத்தில் வராது. தாத்தாவும் அப்படித்தான் சொன்னார். அவருடைய அப்பா ரஜூலாவில் வந்து மூன்று தலைமுறை ஆகியிருந்தது, அவ்வளவுதான். நான் அதைச் சொன்னேன். “நீங்க வேற பாஸ்டர்” என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய் நான் போகவில்லை. அதற்கடுத்த வியாழன் போனேன். கதவு திறந்தே இருந்தது. தமிழ் நேசனை மடித்து வைத்துவிட்டு, “அந்த முதுகுளத்தூர்க்காரன் போய்ச் சேந்துட்டானா?” என்றுதான் முதலில் கேட்டார்.

அக்கா ஒருபடி மேலே போனார். மாஸ்டர் கிளம்பிய அன்று விடியற்காலை பத்துப் பொட்டலம் நாசி லெமாக் கட்டிக் கொடுத்தார். விமானத்தில் போகிறவனுக்கு எதற்குப் பத்து என்று கேட்டேன். “வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியுமா?” என்றார். முதல்நாள்வரை இந்தியாக்காரன் என்று சொன்னவர்தான்.

அந்தக் காலாண்டின் அறிக்கையில் ஞானஸ்நானம் பூச்சியம். இதர: இல்லை.

*

தாத்தா 2013 நவம்பரில் போனார். தூக்கத்தில். பிள்ளைகள் இருவரும் இந்து முறையில் திருமணம் செய்தவர்கள். என்னைக் கூப்பிட்டு, “அவரு சொல்லி வச்சிருக்காரு, நீங்கதான் ஜெபம் பண்ணணும்னு” என்றார்கள். எப்போது சொன்னாராம்? தரங்கம்பாடிக் கோயில் படத்தை மாட்டிய அன்று. அந்தச் சின்ன வாசல்படி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. பாக்சிக் கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடக்கம் செராஸில்.

மறுநாள் தமிழ் நேசனில் அவர் முகம் வந்தது. வயது 79. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

*

கிளம்புகிற வாரம். வழியனுப்புக் கூட்டத்தில் ஒரு சால்வை, ஒரு பியூட்டர் தட்டு, ஐந்து உரைகள். அக்கா கூட்டத்துக்கு வரவில்லை. காலை ஆறு மணிக்கு எப்போதும்போல் ஒரு பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மூன்று ஆண்டும் வாங்கிக்கொண்டார். அன்றும் வாங்கிக்கொண்டார். மகன் எஸ்.பி.எம்.மில் தேறி, பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான் என்பதை இதற்கு முன் எழுத மறந்துவிட்டேன்.

எப்போது போகிறீர்கள் என்று செந்தூலில் யாரும் என்னைக் கேட்கவில்லை. பாஸ்டர்கள் போகிறவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்தவரின் பெயரை யாரிடமாவது கேட்டால், அவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சொன்னார்கள். அவருக்கு மீன்தலைக் கறி. எனக்குப் பிடித்தது ரொட்டிக்குப் பருப்புக் குழம்பு என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

*

மாஸ்டர் முதுகுளத்தூர் பக்கம் கடை வைத்திருக்கிறார். ரொட்டி சானாய் என்று எழுதினால் யாருக்கும் புரியாது என்பதால் பலகையில் ‘வீச்சுப் பரோட்டா’ என்றுதான் இருக்கிறது. எல்லாருக்கும் சால்னாதான் ஊற்றுவார். அந்தப் பக்கம் போகிறவர்கள் பருப்புக் குழம்பு கேட்டுப் பாருங்கள். உள்ளேயிருந்து எடுத்துவந்து ஊற்றுவார். நீங்கள் செந்தூலா கிள்ளானா என்றும் கேட்பார்.